எஃகுக் கித்தாரும் எதிரொலிப் பெட்டியும்



பெரட்டு முடிந்து விடியற்காலையில் காட்டுக்குள் நுழைந்ததும், தூரத்து நிரையில் நிற்பவரை ஓங்கிக் கூப்பிட்டால், அந்தக் குரல் மேட்டுச் சரிவில் மோதி நம்மிடமே திரும்பி வருவதைக் கேட்டிருப்போம். நியாலாஸ், ஆசஹான் பக்கத்துத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இது புதிய செய்தியன்று. பால்மரம் நின்ற இடங்கள் பலவற்றில் இன்று செம்பனை நிற்கிறது. லயங்களில் வாழ்ந்த குடும்பங்கள் பல ஜாசின், செலாண்டார், மெர்லிமாவ் பக்கத்துத் தாமான்களுக்குக் குடிபெயர்ந்துவிட்டன. ஆயினும் கோயில் திருவிழாவுக்கும் திருமணத்துக்கும் பாட்டுக் குழு வைக்கும் வழக்கம் நம்மை விட்டுப் போகவில்லை. அந்தக் குழுக்களில் சேர வேண்டும் என்று கித்தார் பழகும் பிள்ளைகளும் நம்மிடையே இருக்கிறார்கள்.

கித்தாரை மார்போடு அணைத்து, விரலால் தந்தியை அழுத்தி வாசிப்பது ஒரு முறை. அதை மடிமீது மல்லாத்தி வைத்து, தந்திகளின் மேல் எஃகுக் கட்டையை வழுக்கி வாசிப்பது மற்றொரு முறை. இந்த இரண்டாவது முறையைத்தான் ஹவாயன் கித்தார் என்றும் ஸ்டீல் கித்தார் என்றும் சொல்கிறோம். இதைப் பழகுகிற பிள்ளை ஓராண்டு ஆனதும் வீட்டில் வந்து கேட்கும் பொருள் ஒன்று உண்டு. அதற்கு டிலே பெடல் என்று பெயர். காலால் மிதித்து இயக்கும் சிறிய எதிரொலிப் பெட்டி அது. "அது இருந்தால்தான் வானொலியில் கேட்பதுபோல இனிமையாக இருக்கும், அப்பா" என்று பிள்ளை சொல்கிறது. அப்பாவுக்கு அந்தப் பெட்டி என்னவென்று தெரியாது. ஓவர்டைம் பணம் முழுவதும் அதற்கே போய்விடுமோ என்ற கவலை மட்டும் தெரியும்.

அந்தப் பெட்டி என்ன செய்கிறது, அது தேவைதானா, எதைப் பார்த்து வாங்குவது, வாங்கியபின் எப்படி வைப்பது என்பவற்றை இன்று நாம் ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

முதலில் கித்தாரைப் பற்றிச் சில செய்திகள். எஃகை வழுக்கி வாசிக்கும் முறையை 1880களின் இறுதியில் ஹவாய்த் தீவில் ஜோசப் கெக்குகு என்னும் பள்ளி மாணவர் உருவாக்கினார் என்று பெரும்பாலும் சொல்லப்படுகிறது. அங்கிருந்து அது உலகமெங்கும் பரவியது. நம் மலாயாவிலும் அண்டை நாடான இந்தோனேசியாவிலும் கெரோன்சோங் இசையோடும் மலாய்ப் பாட்டோடும் அது கலந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் டாவ் மோ என்னும் ஹவாய்க் கலைஞரின் குடும்பம் கல்கத்தாவில் தங்கி வாசித்தது; அதன்பின் வங்காளத்தில் இந்தக் கித்தார் வீட்டுக்கு வீடு பழகும் வாத்தியமாயிற்று. இந்திப் படப் பாடல்களை வான் ஷிப்லி மின்சார ஹவாயன் கித்தாரில் வாசித்துப் புகழ் பெற்றார். பிரிஜ் பூஷண் காப்ரா அதை இந்துஸ்தானி இராக இசைக்குக் கொண்டுவந்தார். விஸ்வ மோகன் பட் அதையே திருத்தி அமைத்து மோகன வீணை என்று பெயரிட்டு, அமெரிக்கக் கலைஞர் ரை கூடருடன் சேர்ந்து வாசித்த இசைத்தட்டுக்காக 1994-ல் கிராமி விருது பெற்றார்.

இன்னொரு செய்தியும் உண்டு. 1932-ல் ரிக்கன்பேக்கர் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த மின்சாரக் கித்தார்தான் உலகில் முதன்முதலாக வெற்றிகரமாக விற்ற மின்சாரக் கித்தார். அது மடியில் வைத்து வாசிக்கும் ஸ்டீல் கித்தாரேயாகும். பார்வைக்குப் பொரியல் சட்டிபோல் இருந்ததால் அதற்கு அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

தமிழர்களாகிய நமக்கு வழுக்கி வாசிக்கும் வாத்தியம் அந்நியமானதன்று. சித்திரவீணை என்றும் கோட்டு வாத்தியம் என்றும் சொல்லப்படும் கருவியில் மெட்டுகள் இல்லை; கருங்காலிக் கட்டையைத் தந்திமேல் வழுக்கித்தான் வாசிக்கிறார்கள். திருவிடைமருதூர் சகாராம ராவும் அவருடைய மாணவர் நாராயண ஐயங்காரும் அதைக் கச்சேரி மேடையில் உயர்த்தினார்கள். அந்த வாத்தியத்தில் முதன்மைத் தந்திகளுக்குக் கீழே மெல்லிய அனுநாதத் தந்திகள் ஓடுகின்றன. மேலே ஒரு சுரம் ஒலித்தால், கீழே அதே சுரத்துக்குச் சேர்த்த தந்தி யாரும் தொடாமலேயே அதிரும். மேல் தந்தி ஓய்ந்த பிறகும் ஒரு கார்வை காற்றில் நிற்கும். மோகன வீணையிலும் இதே ஏற்பாடு உண்டு.

சாதாரண ஸ்டீல் கித்தாரில் அனுநாதத் தந்திகள் கிடையா. ஆகவே சுரம் ஓய்ந்ததும் ஒரு வெறுமை தோன்றுகிறது. கட்டையை அடுத்த இடத்துக்கு எடுத்துச் செல்லும்போதும் இடையில் ஒரு பள்ளம் விழுகிறது. அந்தப் பள்ளத்தை நிரப்புவதற்கே எதிரொலிப் பெட்டியைத் தேடினார்கள். பெட்டியின் வேலை இவ்வளவுதான். வாசிப்பவரின் சுரத்தை வாங்கி வைத்துக்கொண்டு, சற்றுப் பொறுத்து, சற்று மெலிதாகத் திருப்பிக் கொடுக்கிறது.

இந்த எதிரொலியின் கணக்கையும் பார்த்துவிடுவோம். நம் நாட்டு வெப்பத்தில் ஒலி ஒரு நொடியில் ஏறத்தாழ 350 மீட்டர் ஓடுகிறது. போன ஒலிக்கும் திரும்பிய ஒலிக்கும் இடையே நொடியில் பத்தில் ஒரு பங்காவது இருந்தால்தான் இரண்டையும் நம் காது தெளிவாகப் பிரித்தறியும். அதாவது ஒலி 35 மீட்டர் பயணம் செய்திருக்க வேண்டும். போக 17 மீட்டருக்குச் சற்று அதிகம், வர அதே அளவு. பிள்ளைகளைப் பள்ளிக்கூடச் சுவரிலிருந்து இருபது முப்பது எட்டு தள்ளி நிற்கவைத்துக் கைதட்டச் சொல்லுங்கள். சுவர் பதில் சொல்லும். அருகில் நெருங்க நெருங்கத் தட்டலும் பதிலும் ஒன்றாகிவிடும். பெட்டியில் நேரத்தை மாற்றுவது என்பது அந்தச் சுவரைத் தள்ளி வைப்பதும் கிட்டே இழுப்பதுமேயாகும். அந்த நேரத்தை மில்லி நொடி என்னும் அளவால் குறிப்பார்கள். ஆயிரம் மில்லி நொடி சேர்ந்தது ஒரு நொடி.

இனி, பெட்டிகளின் வகைகளுக்கு வருவோம். அவை மூன்று.

முதல் வகை ஒலிநாடாவால் இயங்குவது. நாடாவில் ஓரிடத்தில் ஒலியைப் பதிவு செய்து, சில அங்குலம் தள்ளி மற்றோரிடத்தில் அதைப் படிக்கும். நாடா அந்தத் தூரத்தைக் கடக்கும் நேரமே எதிரொலியின் நேரம். அமெரிக்காவின் எக்கோபிளெக்ஸ், 1974-ல் ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் கொண்டுவந்த ஸ்பேஸ் எக்கோ ஆகியவை இந்த வகையில் பெயர் பெற்றவை. ஒலி இனிமையானது. ஆனால் நாடா தேயும், தூசு பிடிக்கும், பெட்டியோ பெரியது. பழையது கிடைத்தாலும் பராமரிக்க ஆள் கிடைப்பது அரிது. நம் வீட்டுக்கு இது ஒத்துவராது.

இரண்டாவது அனலாக் வகை. தீப்பிடித்த இடத்துக்கு மனிதர்கள் வரிசையாக நின்று வாளி கைமாற்றுவதைப் பார்த்திருப்போம். 1969-ல் பிலிப்ஸ் ஆய்வுக்கூடத்தில் கண்டுபிடித்த ஒரு மின்சுற்று இப்படித்தான் வேலை செய்கிறது. நூற்றுக்கணக்கான சிறு மின்தேக்கிகள் வரிசையாக நின்று, ஒலியின் அளவை ஒன்று மற்றொன்றுக்குக் கைமாற்றுகின்றன. கடைசி ஆளிடம் வந்து சேரும்போது கொஞ்சம் தண்ணீர் சிந்தியிருக்கும் அல்லவா? அதுபோல ஒலியின் கூர்மையும் சற்றுக் குறைந்திருக்கும். இது குறையாகத் தோன்றினாலும் ஸ்டீல் கித்தாருக்கு நன்மையாக அமைகிறது. எஃகு பட்ட தந்தியின் ஒலி இயல்பாகவே கூர்மையானது. திரும்பி வரும் ஒலி மழுங்கலாக இருந்தால், அது பின்னால் ஒதுங்கி நிற்கும். வாசிப்போடு போட்டி போடாது. 1981-ல் வந்த பாஸ் நிறுவனத்தின் டி.எம்.-2 இந்த வகை. அதன் எல்லை 300 மில்லி நொடி.

மூன்றாவது டிஜிட்டல் வகை. ஒலியை எண்களாக மாற்றி நினைவில் வைத்து, வேண்டிய நேரத்தில் மீண்டும் ஒலியாக்கித் தருகிறது. காலால் மிதிக்கும் சிறு பெட்டியாக இது பெருவாரியாக விற்பனைக்கு வந்தது 1983-ல், பாஸ் டி.டி.-2 என்னும் பெயரில். அதன் எல்லை 800 மில்லி நொடி. இன்றைய டிஜிட்டல் பெட்டிகள் பல நொடிகள் வரை தாங்கும். போன ஒலி போனபடியே திரும்பும். பல பெட்டிகளில் அனலாக் போலவும் நாடா போலவும் ஒலிக்கச் செய்யும் தெரிவும் உண்டு.

எதை வாங்குவது? மேடையில் மெல்லிசை மட்டுமே வாசிப்பவருக்கு அனலாக் போதும். குமிழ்களும் குறைவு, குழப்பமும் குறைவு. பழகும் பிள்ளைக்கு ஒரே ஒரு பெட்டி வாங்குவதானால், அனலாக் ஒலியும் சேர்ந்த எளிய டிஜிட்டல் பெட்டியே மேல் என்பது நமது கருத்து. அதன் காரணத்தைப் பின்னால் சொல்வோம்.

ஆனால் பெட்டிக்கு முன்னால் வாங்க வேண்டியவை சில உள்ளன. கைக்கு அடங்கும் எடையுள்ள நல்ல எஃகுக் கட்டை ஒன்று, துருப்பிடிக்காத புதிய தந்திகள், கால் அசைவால் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் வால்யூம் பெடல் ஆகியவையே அவை. சுருதி பார்க்கும் செயலி கைப்பேசியிலேயே இலவசமாகக் கிடைக்கிறது. இவை இல்லாமல் எதிரொலிப் பெட்டி வாங்குவது, கூரை ஒழுகும் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிப்பதற்கு ஒப்பாகும். தவிர, ஸ்டீல் கித்தாரிலேயே காலால் மிதித்துச் சுருதி மாற்றும் வகை ஒன்று உண்டு. அதைப் பெடல் ஸ்டீல் என்பார்கள். கடையில் பெடல் என்று கேட்டால் எதைக் கேட்கிறோம் என்பதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

கடைக்குப் போகும்போது நம் கித்தாரையும் கட்டையையும் கையோடு எடுத்துச் செல்வோம். கடைக்காரர் சாதாரணக் கித்தாரில் வாசித்துக் காட்டுவது நமக்கு உதவாது. முதலில் பெட்டியை நிறுத்திவைத்து வாசித்துப் பார்ப்போம். கித்தாரின் சொந்த ஒலி மெலிந்தோ மங்கியோ போனால் அந்தப் பெட்டி வேண்டாம். பிறகு இயக்கிவிட்டு, வாசிக்காமல் சும்மா இருந்து இரைச்சலைக் கேட்போம். குமிழ்களைத் திருப்பும்போது கரகரவென்று சத்தம் வந்தால் உள்ளே தூசோ தேய்மானமோ இருக்கிறது. பழைய பெட்டி வாங்குவதில் தவறில்லை. ஆனால் இந்தச் சோதனைகளைச் செய்து, இரசீதும் பெற்றுக்கொள்ள வேண்டும்.

மின்சாரம் கொடுக்கும் அடாப்டரிலும் கவனம் தேவை. இந்தச் சிறு பெட்டிகளுக்குப் பெரும்பாலும் 9 வோல்ட் நேர்மின்சாரம் வேண்டும். முனையின் நடுப்பகுதி நெகடிவாக இருக்கும்படிதான் பெரும்பாலான பெட்டிகளை அமைக்கிறார்கள். வீட்டில் கிடக்கும் வேறு அடாப்டர் முனை பொருந்துகிறது என்பதற்காக அதைச் செருகினால், முனை மாறியிருந்தால், புதுப் பெட்டி அன்றைக்கே பாழாகலாம். பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் வோல்ட், முனைக் குறி, மில்லி ஆம்பியர் ஆகிய மூன்றையும் அடாப்டரோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே செருக வேண்டும். அடாப்டரின் மில்லி ஆம்பியர் பெட்டி கேட்பதைவிட அதிகமாக இருக்கலாம்; குறையக் கூடாது.

அடுத்து, இணைக்கும் வரிசை. கித்தாரிலிருந்து வரும் கம்பி முதலில் வால்யூம் பெடலுக்குப் போக வேண்டும். அங்கிருந்து எதிரொலிப் பெட்டிக்கு, அதன்பின் ஆம்ப்ளிஃபயருக்கு. இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. வால்யூம் பெடல் முன்னால் இருந்தால், பாட்டின் அடி முடியும்போது காலைத் தளர்த்தினாலும், அதற்கு முன் பெட்டிக்குள் போய்விட்ட சுரம் மெல்ல மெல்ல ஒலித்து அடங்கும். வால்யூம் பெடல் பின்னால் இருந்தால், காலைத் தளர்த்தியதும் எதிரொலியும் சேர்ந்து அறுந்துபோகும். ஒலியைக் கரகரப்பாக்கும் பெட்டி வேறு இருந்தால், அது எதிரொலிக்கு முன்னால் வர வேண்டும்; இல்லையேல் எதிரொலியும் நசுங்கிக் குழம்பும். மண்டபம்போல் முழங்கச் செய்யும் ரிவர்ப் இருந்தால், அது எதிரொலிக்குப் பின்னால். கம்பிகள் எவ்வளவு குட்டையாக இருக்கின்றனவோ அவ்வளவு நல்லது.

இப்போது குமிழ்கள். பெட்டிக்குப் பெட்டி பெயர் மாறினாலும் முக்கியமானவை மூன்றுதான். ஒன்று நேரம்: எதிரொலி எவ்வளவு பொறுத்து வர வேண்டும். இரண்டு மறுமுறை: எத்தனை தடவை திரும்ப வேண்டும். மூன்று அளவு: எவ்வளவு சத்தமாக வர வேண்டும்.

முதலில் அளவுக் குமிழைச் சுழியத்தில் வைப்போம். மறுமுறையை இரண்டு தடவை திரும்பும் அளவுக்கு வைப்போம். தெரிந்த பாட்டு ஒன்றை வாசித்துக்கொண்டே அளவைச் சிறிது சிறிதாகக் கூட்டுவோம். வாசிக்கும்போது எதிரொலி கவனத்துக்கு வரக் கூடாது; வாசிப்பை நிறுத்தினால் மட்டும் அது இருந்தது தெரிய வேண்டும். அந்த இடமே சரியான இடம். சமையலில் உப்பைப்போல என்று வைத்துக்கொள்ளலாம். பெரும்பாலும் குமிழின் கால் பங்குக்கு அருகிலேயே அந்த இடம் அமைந்துவிடும்.

நேரத்தைத் தாளத்தோடு சேர்க்க வேண்டும். அதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. பாட்டுக்குத் தாளம் போட்டுக்கொண்டே 15 நொடிக்கு எத்தனை தட்டு விழுகிறது என்று எண்ணுவோம். அதை நான்கால் பெருக்கினால் ஒரு நிமிடத்துக்கு எத்தனை தட்டு என்று கிடைக்கும். 60,000-ஐ அந்த எண்ணால் வகுத்தால் ஒரு தட்டுக்கு எத்தனை மில்லி நொடி என்பது தெரியும். எடுத்துக்காட்டாக, 15 நொடியில் 20 தட்டு விழுந்தால் நிமிடத்துக்கு 80. 60,000-ஐ 80-ஆல் வகுக்க 750 வருகிறது. எதிரொலி ஒவ்வொரு தட்டிலும் விழ வேண்டுமானால் 750. அரைத் தட்டில் விழ வேண்டுமானால் 375. திஸ்ர நடையில், அதாவது ஒரு தட்டுக்கு மூன்று என்ற கணக்கில் போகும் பாட்டானால் 250. குமிழில் எண் குறிக்காத பெட்டியானால், தந்தியை ஒரு முறை மீட்டிவிட்டு, எதிரொலி நம் தாளத் தட்டோடு சேரும்வரை குமிழைத் திருப்பினால் போதும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு இது நல்ல வகுத்தல் கணக்குமாகும்.

மெதுவான பக்திப் பாட்டுக்கு 350 முதல் 400 வரையிலான நேரமும் இரண்டு மூன்று மறுமுறையும் பொருந்தும். துள்ளலான பாட்டுக்கு 100 முதல் 130 வரை வைத்து, ஒரே ஒரு மறுமுறை போதும். கமகம் நிறைந்த இராகப் பாட்டுக்கு மட்டும் தனிக் கவனம் வேண்டும். கட்டை ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு வழுக்கி ஏறும்போது, பெட்டி பழைய சுரத்தையும், வழியில் தொட்ட இடைச்சுரங்களையும் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருக்கும். புதுச் சுரமும் பழைய சுரமும் ஒன்றோடொன்று உரசும். மெட்டு வைத்த கித்தாரில் இந்தத் தொல்லை குறைவு. வழுக்கி வாசிக்கும் கித்தாரில் மிகுதி. ஆகவே இப்படிப்பட்ட பாட்டுக்கு அளவைப் பாதியாகக் குறைத்து, மறுமுறையை ஒன்றோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். எதிரொலியை அலையச் செய்யும் மாடுலேஷன் என்னும் குமிழ் இருந்தால், அதைச் சுழியத்தில் வைப்போம். அசைவைக் கை கொடுக்கிறது; பெட்டியும் தன் பங்குக்கு அசைத்தால் சுருதி நிலைகொள்ளாது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தோட்டக் கோயில் மண்டபத்தில் நாங்கள் திருவிழாவுக்கு வாசித்தோம். மாலையில் ஒத்திகை. காலடியில் ஆம்ப்ளிஃபயர். குமிழ்கள் மூன்றையும் பாதிக்கு மேல் திருப்பி வைத்திருந்தோம். எங்கள் காதுக்கு அது தேனாக இனித்தது. இரவு வாசித்து முடித்தோம். மறுநாள் காலை, பின்வரிசையில் இருந்த பாட்டி ஒருவர் எங்களைப் பார்த்து, "ஏன் தம்பி, பாட்டு எது, பின்னால வர்றது எதுன்னே தெரியலையே. கிணத்துக்குள்ள உட்கார்ந்து வாசிச்ச மாதிரி இருந்திச்சு" என்றார். எங்களுக்கு முகம் சுண்டிவிட்டது.

பிறகுதான் யோசித்துப் பார்த்தோம். மேடையில் நாங்கள் கேட்டது காலடியில் இருந்த பெட்டியை. மக்கள் கேட்டதோ வாசலிலும் கம்பங்களிலும் கட்டியிருந்த குழாய் ஒலிபெருக்கிகளை. 35 மீட்டர் தள்ளியிருக்கும் குழாயின் ஒலி நம்மிடம் வந்து சேர நொடியில் பத்தில் ஒரு பங்கு ஆகிறது. ஒன்று அருகிலும் ஒன்று தொலைவிலும் இருந்தால், அவற்றுக்கு இடையே தானாகவே ஓர் எதிரொலி உண்டாகிவிடுகிறது. தகரக் கூரையும் சிமெண்டுத் தரையும் தங்கள் பங்கையும் சேர்க்கின்றன. அதற்குமேல் பெட்டியும் முழங்கினால் பாட்டு எப்படிப் புரியும்?

அதிலிருந்து சில வழக்கங்களை வைத்துக்கொண்டோம். குழாய் ஒலிபெருக்கிகள் ஊர் முழுக்கக் கட்டிய திருவிழாவில் எதிரொலிப் பெட்டியை அறவே நிறுத்திவிடுவோம். மூடிய மண்டபத்தில் மிகக் குறைவாக வைப்போம். நாலு பக்கமும் திறந்த பந்தலில், ஒலி திரும்பி வர வழியில்லாததால், சற்றுக் கூட்டி வைப்போம். காலி மண்டபம் அதிகமாக முழங்கும். மக்கள் வந்து அமர்ந்ததும் அவர்கள் உடலும் உடுப்பும் ஒலியை உறிஞ்சிக்கொள்ளும். எனவே ஒத்திகையில் வைத்ததை மக்கள் கூடிய பிறகு ஒருமுறை திருத்திக்கொள்வோம். திருத்தும்போது மேடையிலிருந்து பார்க்கக் கூடாது. குழுவில் ஒருவரோ, வீட்டுப் பெண்களில் ஒருவரோ பின்வரிசையில் நின்று கேட்டுச் சொல்ல வேண்டும். பெட்டியைப் பற்றி ஒன்றும் தெரியாதவர் சொல்லும் தீர்ப்பே சரியான தீர்ப்பு.

உயிரோடு சம்பந்தப்பட்ட செய்தி ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். எதிரொலிப் பெட்டியில் ஓடுவது 9 வோல்ட். அதனால் பெரிய ஆபத்து இல்லை. ஆம்ப்ளிஃபயருக்கு வருவதோ 230 வோல்ட். ஸ்டீல் கித்தார் வாசிப்பவரின் ஒரு கையில் எஃகு, மறு கை தந்தியில். இரண்டும் கம்பி வழியாக ஆம்ப்ளிஃபயரின் உலோக உடலோடு சேர்ந்தவை. இரைச்சல் வருகிறது என்பதற்காக மூன்று முனைப் பிளக்கில் உள்ள மண்ணிணைப்பை யாராவது துண்டித்துவிட்டால், உள்ளே கோளாறு ஏற்படும் நாளில் அந்த மின்சாரம் வாசிப்பவரின் உடல் வழியே பாயும். மழை நனைந்த மேடையும் ஈரக் காலும் சேர்ந்தால் உயிருக்கே முடிவாகலாம். மண்ணிணைப்பை எக்காரணம் கொண்டும் துண்டிக்கலாகாது. இரைச்சல் போக வேண்டுமானால் பெட்டியையும் ஆம்ப்ளிஃபயரையும் ஒரே சுவர்ப் பிளக்கிலிருந்து எடுத்துப் பார்க்கலாம். கம்பிகளை மாற்றிப் பார்க்கலாம். மின்கசிவு ஏற்பட்டால் தானே துண்டித்துக்கொள்ளும் சுவிட்சு மண்டபத்தில் இருக்கிறதா என்பதையும், அதன் சோதனைப் பொத்தானை அழுத்தினால் வேலை செய்கிறதா என்பதையும் விழாவுக்கு முன்பே பார்த்துவிட வேண்டும்.

பழகும் பிள்ளைக்கு டிஜிட்டல் பெட்டியே மேல் என்று முன்னே சொன்னோம். அதன் காரணத்தை இப்போது சொல்வோம்.

ஸ்டீல் கித்தாரில் மெட்டு இல்லை. கோடு மட்டுமே உண்டு. கட்டை கோட்டுக்கு ஒரு நூலிழை முன்னோ பின்னோ நின்றாலும் சுரம் பிசகும். எதிரொலி இருந்தால் இந்தப் பிசகு மறைந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை அதற்கு நேர்மாறானது. பிசகிய சுரத்தையும் பெட்டி பத்திரமாக வாங்கி வைத்து, இரண்டு முறை மூன்று முறை திருப்பிச் சொல்லும். ஒரு பிழை மூன்று பிழையாகும்.

இதையே நாம் பாடமாக மாற்றிக்கொள்ளலாம். வீட்டில் பழகும்போது நேரக் குமிழை 700, 800 மில்லி நொடிக்குக் கொண்டுபோவோம். மறுமுறை ஒன்று மட்டும். அளவை, வாசிக்கும் ஒலியும் திரும்பும் ஒலியும் சமமாக இருக்கும்படி வைப்போம். இப்போது ஷட்ஜத்தை மீட்டி, கட்டையை எடுத்துவிட்டு, எதிரொலி வரும் அதே வேளையில் மீண்டும் ஷட்ஜத்தையே மீட்டுவோம். இரண்டும் ஒன்றாக இழைந்தால் கை சரியான இடத்தில் இருக்கிறது. "வவ்வவ்வவ்" என்று ஓர் அலைச்சல் கேட்டால் கை பிசகியிருக்கிறது. அலைச்சல் வேகமாக இருந்தால் பிசகு அதிகம். மெதுவாக இருந்தால் குறைவு. இப்படி ஒவ்வொரு சுரமாக நாள்தோறும் பத்து நிமிடம் பழகினால், பக்கத்தில் ஆசிரியர் இல்லாத தோட்டத்துப் பிள்ளைக்கும் காது கூர்மையாகும். அனலாக் வகையில் நேரம் போதாமலும் ஒலி மழுங்கியும் இருப்பதால் இந்தப் பழக்கத்துக்கு அவ்வளவாக ஒத்துவராது. டிஜிட்டல் பெட்டியை வீட்டில் இப்படிப் பாடத்துக்கும், மேடையில் அனலாக் ஒலியில் வைத்துப் பாட்டுக்கும் பயன்படுத்தலாம். கொடுத்த பணத்துக்கு இரண்டு வேலை.

ஆகவே தாய்மார்களே, தகப்பன்மார்களே, பிள்ளை எதிரொலிப் பெட்டி கேட்டால் உடனே மறுத்துவிடவும் வேண்டாம். உடனே வாங்கிக் கொடுத்துவிடவும் வேண்டாம். "பெட்டி இல்லாமல் ஒரு பாட்டு வாசி, கேட்போம்" என்று சொல்லுங்கள். அந்தப் பாட்டு சுருதி பிசகாமல் வந்து, சுரங்களுக்கு இடையில் மட்டும் ஒரு வெறுமை தெரிந்தால், பெட்டி வாங்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. சுருதியே நிற்கவில்லை என்றால், இன்னும் சில மாதம் பொறுக்கலாம். பெட்டி கடையில்தான் இருக்கும், எங்கும் ஓடிவிடாது.

வாங்கிய பிறகு, அந்தப் பாட்டி சொன்னதை மறவாமல் வைத்துக்கொள்வோம். பின்வரிசையில் இருப்பவருக்குப் பாட்டு எது என்று தெரிய வேண்டும். எதிரொலி அதற்குத் துணையாக இருக்கட்டும்.